நகரமும் நல்வாழ்வும்

ஒரு தேசத்தில் நகரவாசிகளின் விகிதம் உயருந்தோறும் அதன் செல்வமும் உயருகின்றது என்பது பொருளியல் அறிஞர் பலரும் ஒப்பும் கூற்று. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் பாரத தேசத்தில் நூற்றுக்கு 31 பேரும் தமிழ்நாட்டில் 48 பேரும் நகரவாசிகளாக இருந்தமையும், தமிழ்நாட்டின் தலா வருமானம் தேசத்தின் சராசரியை விஞ்சி நிற்பதும் அக்கூற்றுக்கு அரண் செய்கின்றன. ஆயினும், 2012-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நூற்றுக்கு 18 பேரையே நகரங்களில் கொண்டிருந்த இலங்கை, வருமானத்திலும் எழுத்தறிவிலும் ஆயுளிலும் நம்மை முந்தி நின்றதை நோக்குமிடத்து, நகரம் செல்வத்தின் காரணமா, அன்றி அதனோடு உடன்செல்லும் அடையாளம் மட்டுமா என்னும் ஐயம் எழுகின்றது. அவ்வையத்தைப் பொருளியல் ஆராயட்டும். எத்தகைய வாழ்வுக்காக மனிதன் தன் ஊரைவிட்டுப் பெயர்கிறான் என்பது அறநூல் ஆராய வேண்டிய வினா.

திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில், கரூர் எல்லையை ஒட்டிக் கிடக்கும் குஜிலியம்பாறை வட்டாரத்தில் இவ்வினா அன்றாட வாழ்வாகவே நிற்கின்றது. வானம் பார்த்த மானாவாரி நிலத்தில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் விதைத்து, மழை பொய்த்த ஆண்டுகளில் கரூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பங்கள் உண்டு. செல்லாதவர்களை அழைத்துப்போக வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களின் வேன்கள் ஊருக்குள்ளேயே வருகின்றன. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்னும் நெருக்கம், ஆண் தொழிலாளரில் நூற்றுக்கு 75 பேரேனும் உழவல்லாத தொழில் செய்தல் என்னும் மூன்றையும் கொண்டு மக்கட்கணக்குத் துறை ஓர் ஊரை நகரமென்று கொள்கின்றது. விரும்பிப் பெயர்ந்தவர் எவர், வேறு கதியின்றிப் பெயர்ந்தவர் எவர் என்பதை அவ்வளவுகோல் அறியாது.

நகரம் கிராமத்தின் உழைப்பை உறிஞ்சுகின்றது என்று காந்தியடிகள் கருதினார். அவர் வழிநின்ற டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் இதே மாவட்டத்தின் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அண்ணல் அம்பேத்கரோ, 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் குடிகொண்ட இடமென்று கடிந்துரைத்தார். காந்தியடிகளும் அம்பேத்கரும் ஒருவரையொருவர் பொய்ப்பிக்கவில்லை. ஜாதியின் பெயரால் தலைகுனிய வைக்கப்பட்டவனுக்கு, தன் குலம் இன்னதென்று எவரும் அறியாத நகரத்து வீதி உண்மையான விமோசனமே. கிணறு வற்றியதால் துரத்தப்பட்டுச் சாக்கடையோரக் குடிசையில் ஒதுங்கியவனுக்கோ அதே வீதி மற்றொரு பந்தம்.

ஆதலின் தேசத்தின் அபிவிருத்தியை நகரவாசிகளின் தொகையால் அளப்பதைவிட, அவர்களது பெயர்ச்சியில் இருந்த சுதந்திரத்தால் அளப்பதே தர்மம். நல்ல பள்ளியும் மருத்துவமும் நியாயமான கூலியும் ஜாதிபேதமற்ற மரியாதையும் குஜிலியம்பாறையிலேயே கிட்டுமாயின், அதன் பின்னரும் ஒரு பெண் தன் ஆற்றலுக்கு விரிந்த களம் வேண்டிச் சென்னைக்குச் செல்வாளாயின், அந்தப் பயணமே வளர்ச்சி. அவற்றை ஊருக்கு மறுத்துவிட்டு, வெளியேறியவர்களைக் கணக்கிட்டு வளர்ச்சி என்று மகிழும் அரசு தன் கடமையின் தவறையே சாதனையாகக் கொண்டாடுகின்றது.