படகு நம்முடையது, காற்று யாருடையது?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தாம்பரத்திலும் அதன் சுற்றுவட்டாரங்களிலும் வாழும் நமக்குக் கோடை விடுமுறை என்றவுடன் முட்டுக்காடு நினைவுக்கு வரும். 1984ஆம் ஆண்டு தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் அங்குள்ள உப்பங்கழியில் படகுத் துறை அமைத்தது. அங்கே நாம் ஏறுவது வாடகைப் படகு. செலுத்துவது படகோட்டியின் பொறுப்பு. அவ்வாறன்றி, ஓய்வு பெற்ற நாம் நால்வர் கூடி ஒரு சிறு பாய்ப்படகை விலைக்கு வாங்கி, ஒரு கோடை நாளில் ஏரியொன்றில் முதன்முறையாக இறக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரசீது நம் பெயரில் இருக்கிறது. ஆயினும் அன்றைய பயணத்தில் எது நம்முடையது?

இக்கேள்வி நம் ஸம்ப்ரதாயத்தில் அடிக்கடி கேட்கப்படும் வேறொரு கேள்விக்கு வழி காட்டுகிறது. எம்பெருமானுடைய க்ருபை காரணமின்றிப் பெருகுவதாயின், நாம் ஏன் முயல வேண்டும்? நாம் முயல்வதால்தான் அது கிட்டுகிறது என்றால், அதைக் க்ருபை என்று எவ்வாறு சொல்வது?

சென்னைக் கோடையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டியே வீசத் தொடங்கும். வெயிலில் நிலம் சூடேற, அதன் மேலுள்ள காற்று எழும்; அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று கிழக்கிலிருந்து வரும். அது வரும்வரை பாய் துவண்டு தொங்கும். படகுக்குரியவர் ரசீதைக் காட்டி அதை அழைக்க முடியாது. அது வந்தபோது பாயைச் சுருட்டி வைத்திருப்பவருக்கோ, அதனால் ஆவது ஒன்றுமில்லை. மேலும், காற்று வரும் திசைக்கு நேர் எதிராகப் பாய்ப்படகு செல்லாது. அத்திசையை அடைய வேண்டுமானால், ஏறக்குறைய 45 பாகை ஒருபுறமும் பின்னர் மறுபுறமுமாக வளைந்து வளைந்து செல்ல வேண்டும். ஆகவே முயற்சி உண்மையானது. ஆனால் அம்முயற்சியில் எந்தப் பகுதியும் காற்றை உண்டாக்குவதில்லை.

புதியவர்க்கு மற்றொரு பாடமும் உண்டு. திடீரென்று பலத்த காற்று அடித்துப் படகு சாயும்போது, அச்சத்தால் பாயின் கயிற்றை இன்னும் இறுகப் பற்றுவது இயல்பு. அவ்வாறு பற்றினால் படகு மேலும் சாய்ந்து கவிழும். கயிற்றைச் சற்றே விட்டுக்கொடுத்தால் பாயில் நிறைந்த காற்று கழிந்து, படகு நிமிரும். அப்போதும் சுக்கானைக் கைவிடலாகாது. விட வேண்டியது கயிறு, விடக்கூடாதது சுக்கான் என்ற பகுத்தறிவே படகோட்டியின் கல்வி. 'என்னுடையது' என்ற பிடியை விடுவதையும் கடமையை விடுவதையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர்க்கு இது நல்ல விடை.

வங்கிப் பணியில் நெடுங்காலம் இருந்த நமக்குப் பழகிய உதாரணம் ஒன்றையும் இங்கே சொல்லலாம். ஒருவர் அன்பினால் நமக்குக் காசோலை ஒன்றைத் தருகிறார். அதை நம் கணக்கில் செலுத்தச் சீட்டு எழுதுகிறோம், ஒப்பமிடுகிறோம், வரிசையில் நிற்கிறோம். இவற்றைச் செய்யாவிடில் பணம் வராது. அதற்காக நம் கையொப்பம் அத்தொகைக்கு விலையாகிவிடுமா? கொடை கொடையாகவே இருக்கிறது. நாம் செய்தது அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டது ஒன்றே. இத்தகைய ஏற்பை உபாயமாகக் கொள்ளாமல் அதிகாரி விசேஷணமாகக் கொள்வது பெரியோர் காட்டிய வழிகளுள் ஒன்று. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் காட்டி இதனை விவாதிப்பதும் நாம் அறிந்ததே. ஆயினும், பற்றுகிற குட்டியும் தன் தாயைச் சுமப்பதில்லை.

நம் பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலை இதனையே வேறு விதமாகக் கற்பிக்கிறது. திருமங்கையாழ்வார் அங்கு எழுந்தருளியபோது மலையை நீர் சூழ்ந்திருந்தது என்றும், அது வடியும்வரை ஆறு மாத காலம் எதிரே தங்கியிருந்து பின்னரே ஸேவித்தார் என்றும் ஸ்தல வ்ருத்தாந்தம் கூறும். படையும் பொருளும் ஆண்ட மன்னர் அவர். ஒரு தெப்பம் கட்டிக் கடந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவர் காத்திருந்தார். அக்காத்திருப்பைச் சோம்பல் என்று எவரும் சொல்லார். வேறு திசையில் சென்றுவிடாமல் மலையை நோக்கியே இருந்தது அவர் விரித்த பாய். நீரை வடியச் செய்தது அதுவன்று.

ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் குயிலை விளித்துப் பாடுமிடத்தில், துன்பமாகிய கடலைக் கடத்தும் படகாக எம்பெருமானையே கண்டு, அது கிட்டாமல் வருந்துகிறாள். அப்படகை விலை கொடுத்து வாங்குவதாக அவள் சொல்லவில்லை. வேண்டி வருந்துவது ஒன்றே அவள் செய்தது.

அப்படியாயின் உடைமை என்பதற்குப் பொருளே இல்லையா? உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதை இப்பகுதியினர் மறவார். அந்நாட்களில் கடலோர மீனவர்கள் தம் படகுகளுடன் சென்னையின் வெள்ளப் பகுதிகளுக்கு வந்து எத்தனையோ பேரைக் கரை சேர்த்தனர். அவர்களுக்குப் படகு ஜீவனம். அதையே பிறர்க்காகத் தெருவில் செலுத்தினர். நம் ராமாநுஜருக்குத் திருவரங்கத்தில் வழங்கிய திருநாமம் 'உடையவர்'. இரு விபூதிகளுக்கும் உடையவரான அவர், திருக்கோட்டியூரில் தாம் பெற்ற அரும்பொருளைத் தமக்கென்று பூட்டி வைக்கவில்லை என்பதை நாம் அறிவோம்.

ஆகவே பாகவதர்களே, நம்மிடம் உள்ள உடலும் பொருளும் ஓய்வுக்காலமும் நாம் புதிதாக வாங்கிய படகைப் போன்றவை. பாயை விரிப்போம், சுக்கானைப் பிடிப்போம், ஏற இடமிருந்தால் பிறரையும் ஏற்றிக்கொள்வோம். கரை சேர்ந்தபின் காற்றுக்கும் சேர்த்துக் கணக்கெழுதாமல் இருப்போம்.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.