தொட்டிலிலே தொடங்கும் பேதம்



புல்லிலும் பறவையிலும் விலங்கிலும் இனக்குறி உண்டு; மாந்தரிடையே பிறப்பால் அத்தகைய குறி இல்லை என்று வாசெட்ட சூத்திரத்தில் பகவன் விளக்கினார். சாதி விஷயத்தில் இதனை ஏற்றுத் தம்மத்தைச் சரணடைந்த நாம், தொட்டிலருகே இதனை மறந்துவிடுகிறோமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆண் மகவு அழுதால், “பெண்ணைப்போல் அழாதே” என்கிறோம். ஐந்து வயதுச் சிறுமியின் இடுப்பிலே தம்பியை ஏற்றிவிடுகிறோம். இருபதாண்டு சென்றபின், ஆண் வன்னெஞ்சன், பெண் பொறுமையே உருவானவள், இஃது இயற்கை என்று பேசுகிறோம். தறியில் நாமே நெய்த துணியை மரத்திலே காய்த்தது என்று கூறலாமோ?

வழக்கம் இடந்தோறும் வேறுபடுதலே இதற்குச் சான்று. நாம் வாழும் கரமனையில் அக்கிரகாரத்துப் பிள்ளை தந்தைவழியினன். அண்டையிலிருந்த நாயர் தறவாட்டிலோ மருமக்கத்தாயப்படி அவன் தாய்வழியினன். அங்கே அதிகாரம் தாய்மாமனாகிய காரணவருக்கு. 1925-ஆம் ஆண்டு நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பிரிக்க வழிசெய்தது. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுக்குடும்ப முறையையே ஒழித்தது. இயற்கை நியதியாயின் சட்டத்தால் மாறுமோ? நடு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் அக்கா மக்களிடையே, தந்தையர் பகலில் ஏறக்குறையப் பாதி நேரம் கைக்குழந்தையை ஏந்தியோ, எட்டும் தொலைவிலோ இருக்கின்றனர்.

பெற்றவளுக்கே பேணும் இயல்பு உண்டு என்பார் உளர். பால் சுரத்தல் உடலின் செயல். ஊட்டுதலும் கழுவுதலும் உறங்கச் செய்தலும் பழக்கத்தால் வருவன. மாயாதேவியார் ஏழாம் நாள் மறைய, பகவனை வளர்த்தவர் சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமியார் அன்றோ? மல்லிகை அரசி பெண் பெற்றாள் எனக் கோசலமன்னன் பசேனதி மனம் வாடியபோது, பெண்மகவு ஆணினும் சிறத்தல் கூடும் என்று பகவன் தேற்றினார்.

கேரளத்து மூன்றாம் வகுப்புப் பாடநூலில் 2024-ஆம் ஆண்டு, தந்தை தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. நன்று. ஆயினும் நூலிற் கண்ட தந்தையை வீட்டிற் காணாத பிள்ளை, வீட்டிற் கண்டதையே நம்பும்.

இதில் இழப்பு பெண்ணுக்கு மட்டுமன்று. தன் துயரை உணர்வதற்கே தடைசெய்யப்பட்டவன் பிறர் துயரை எங்ஙனம் உணர்வான்? கருணையின் வேரைத் தொட்டிலிலேயே கிள்ளிவிட்டு, வளர்ந்தவனுக்கு மைத்திரி போதித்து யாது பயன்?

ஆதலின், வந்தனைக்குக் கூடும் நாளிலே கைக்குழந்தைகளை ஆடவர் ஏந்துக. பெண்மக்கள் முன்னின்று பஞ்சசீலம் ஓதுக. பிறப்பால் பேதமில்லை என்பதை நம் பிள்ளைகள் செவியாற் கேட்பதன்முன் கண்ணாற் காணட்டும்.