ஆட்கள் மாறிய பின்னும் அதே அணியா?

கனடாவின் சாஸ்காட்செவன் மாகாணத்துக் கோதுமைச் சமவெளியில் ஸ்விஃப்ட் கரன்ட் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை பதினாறாயிரத்தைச் சற்றுத் தாண்டும். அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஸ்விஃப்ட் கரன்ட் பிராங்கோஸ் என்று பெயர். அது ஆடும் வெஸ்டர்ன் ஹாக்கி லீக் என்ற ஜூனியர் லீக்கில் அதைவிடச் சிறிய ஊர் வேறில்லை. ஜூனியர் ஹாக்கி என்பது பெரும்பாலும் 16 முதல் 20 வயது வரையுள்ள பையன்களின் ஆட்டம். வீட்டைவிட்டு வெகுதூரம் வந்து, உள்ளூர்க் குடும்பங்களோடு தங்கி, பள்ளிக்கும் பனித்தளத்துக்குமாக அலைந்து, மூன்று நான்கு பருவங்கள் ஆடிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லுக்குப் போவார்கள், மற்றவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ. ஐந்தாண்டு கழித்து அந்த உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தால் பழைய முகம் ஒன்றுகூட இராது. ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் “1989-இல் நாம் கோப்பை வென்றோம்” என்பார்கள். வென்றவர்கள் இப்போது ஐம்பது வயதைக் கடந்தவர்கள். இன்று ஆடுபவர்கள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அப்படியிருக்க, அந்த வெற்றிக்கு உரிமை கொண்டாடும் அணி எது, எந்த நியாயத்தில் கொண்டாடுகிறது?

அணி என்பது வீரர்கள் அல்ல என்பது தெளிவு. ஊர்தான் அணி என்றால், வரலாறு குறுக்கே நிற்கிறது. 1967-இல் தொடங்கிய பிராங்கோஸ் 1974-இல் ஆல்பர்ட்டா மாகாணத்தின் லெத்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தது. அதே பெயரில் அங்கே ஆடி, 1983-இல் லீக் பட்டத்தையும் வென்றது. 1986-இல்தான் ஸ்விஃப்ட் கரன்ட்டுக்குத் திரும்பியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் அணி எங்கே இருந்தது? 1983 பட்டம் எந்த ஊருடையது? லீக்கின் உரிமப் பத்திரம்தான் அணி என்று வழக்கறிஞர் சொல்லலாம். ஆனால் ஒரு பத்திரத்துக்காக யாரும் மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் அரங்கத்துக்கு நடந்து போவதில்லை. ஆங்கிலத் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1984-இல் வெளியிட்ட ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் ஏறக்குறைய இதே நிலைமையைக் கற்பனை செய்திருக்கிறார்: ஒரு மன்றம் கலைந்துபோகிறது, சில ஆண்டுகள் கழித்து அதே பெயரில், அதே விதிகளோடு சிலர் கூடுகிறார்கள். இது பழைய மன்றமா, புதியதா? நடந்தது முழுவதும் நமக்குத் தெரிந்த பிறகு இது வெற்றுக் கேள்வி, அதற்கு மேல் கண்டறிய உண்மை எதுவும் மிச்சமில்லை என்பது அவர் முடிவு. கெட்டிக்காரத்தனமான முடிவுதான். ஆனால் அதை அப்படியே ஏற்க முடியாதபடி ஒரு டிசம்பர் மாலை குறுக்கிடுகிறது.

1986 டிசம்பர் 30. ரெஜைனா நகரில் ஆடுவதற்காகப் புறப்பட்ட அணியின் பேருந்து, ஊர் எல்லையைத் தாண்டியதுமே உறைபனி படர்ந்த சாலையில் வழுக்கிப் பாய்ந்து கவிழ்ந்தது. பின்பகுதியில் சீட்டாடிக் கொண்டிருந்த நான்கு வீரர்கள் இறந்தார்கள்: டிரென்ட் கிரெஸ்ஸி, ஸ்காட் குரூகர், கிறிஸ் மான்டிகா, பிரென்ட் ரஃப். உயிர் தப்பியவர்களில் பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரமான ஜோ சாக்கிக்கும் ஒருவர். அணி அந்தப் பருவத்தைக் கைவிடவில்லை. இறந்தவர்களின் எண்களான 8, 9, 11, 22 ஆகியவற்றை நான்கிலைக் குளோவர் ஒன்றின் இதழ்களில் பொறித்துச் சட்டையில் அணிந்து ஆடினார்கள். லீக்கின் சிறந்த வீரருக்கான விருது அந்த நால்வர் பெயரில் இன்றும் வழங்கப்படுகிறது. விபத்துக்குப் பின் மூன்றே பருவங்களில், 1989 மே மாதம், சாஸ்கடூனில் அந்த ஊர் அணியையே கூடுதல் நேரத்தில் 4-3 என்று தோற்கடித்து, கனடிய ஜூனியர் ஹாக்கியின் உச்சப் பரிசான மெமோரியல் கோப்பையை வென்றார்கள். ஸ்விஃப்ட் கரன்ட்டின் தொன்மம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சாவு, சின்னம், மீட்சி. சமயங்கள் தம்மைக் கட்டிக்கொள்ளும் முறையும் ஏறத்தாழ இதுவே. அந்தக் கோப்பையே முதல் உலகப் போரில் மாண்ட கனடிய வீரர்களின் நினைவாக 1919-இல் ஏற்படுத்தப்பட்டது. ஆக, அதைத் தலைக்குமேல் தூக்கும் பதினெட்டு வயதுப் பையன் தான் பார்த்திராத சாவுகளுக்குச் செய்யும் மரியாதையையும் சேர்த்தே தூக்குகிறான். கடந்த காலம் பிறருக்குக் கைமாறக்கூடியது என்பதை ஜூனியர் ஹாக்கி எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

கைமாறுவது எப்படி என்பதற்குப் பார்ஃபிட்டைவிட மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. பௌத்த நூலான ‘மிலிந்த பன்ஹ’த்தில் நாகசேனர் என்ற துறவி மிலிந்த மன்னனுக்கு இரவெல்லாம் எரியும் விளக்கைக் காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறுமல்ல. ஒன்றைப் பற்றிக்கொண்டு அடுத்தது எரிகிறது. அணிக்கு இது அப்படியே பொருந்தும். 1986-இன் பையன்கள் போய்விட்டார்கள்; ஆனால் ஒவ்வொரு பருவமும் மூத்தவர்கள் புதிதாக வந்தவர்களுக்கு அந்த நான்கு எண்களின் கதையைச் சொல்ல, அவர்கள் அதைத் தங்கள் கதையாக ஏற்றுக்கொள்கிறார்கள். மாறாத ஏதோ ஒரு பொருள் உள்ளே ஒளிந்திருப்பதால் அணி தொடரவில்லை. ஏற்றுக்கொள்ளும் செயல்தான் அதைத் தொடரவைக்கிறது. நாகசேனரின் சாமர்த்தியம் இதோடு நிற்கவில்லை. அதே உரையாடலில் ஒரு மாம்பழத் திருடனும் வருகிறான். அடுத்தவன் மரத்தில் பழம் பறித்து அகப்பட்டதும் அவன் வாதிடுகிறான்: உடையவன் நட்டது வேறு, நான் பறித்தது வேறு, எனவே அவன் பொருளை நான் தொடவில்லை. அவன் தண்டனைக்குரியவன்தான் என்று மிலிந்தனே சொல்லிவிடுகிறான், ஏனென்றால் பறித்த பழம் நட்டதிலிருந்து வந்தது. மாறிக்கொண்டே இருப்பது கணக்குத் தீர்ந்ததற்குச் சான்றல்ல என்பதற்காகவே அந்தத் திருடனை நாகசேனர் அழைத்து வருகிறார்.

ஸ்விஃப்ட் கரன்ட்டுக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு. 1986 முதல் 1994 வரை அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் கிரகாம் ஜேம்ஸ். 1989 வெற்றிக்காக ‘தி ஹாக்கி நியூஸ்’ இதழ் அவரை ஆண்டின் சிறந்த மனிதராக அறிவித்தது. 1997 ஜனவரியில், தன்னிடம் ஆடிய இருவரைப் பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான முறை பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்றரை ஆண்டு சிறை. பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஷெல்டன் கென்னடி தன் பெயரை மறைக்காமல் வெளியே வந்து பேசினார். 1998-இல் நாட்டின் குறுக்கே சக்கரக் காலணியில் பயணம் செய்து இதைப் பொதுப் பேச்சாக்கினார். அவர் 1986 பேருந்தில் உயிர் தப்பியவர், 1989 கோப்பையைத் தூக்கியவர். 2015-இல் அணியின் இன்னொரு முன்னாள் வீரர் தொடர்பாகவும் ஜேம்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இந்த இரு கதைகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்: அது துயரமும் வீரமும், இது ஒரு கயவனின் குற்றம். ஆனால் அவை பிரியாது. விபத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர்கள் யாரும் வரவழைக்கப்படவில்லை. வெளியாட்கள் உள்ளே வருவதைப் பயிற்சியாளர் விரும்பவில்லை என்று தப்பியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். பதினாறு வயதுப் பையனிடம் பக்குவமாகக் கேள்வி கேட்கத் தெரிந்த எவரும் ஜேம்ஸுக்கு ஆபத்து என்பதை இன்று ஊகிப்பது எளிது. துக்கத்தை உள்ளேயே பூட்டியதும் குற்றத்தை உள்ளேயே பூட்டியதும் ஒரே கை. தளராத மன உறுதி என்று ஊர் கொண்டாடியதில் ஒரு பங்கு, பேச விடாமல் அடைக்கப்பட்ட வாய்களின் மௌனம். ஆகவே மீட்சிக் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்பவர் உண்மையில் ஒரு கதையைப் பாதியில் அறுத்து எடுக்கிறார்.

என் வாதம் இதுதான். தகப்பன் சொத்துக்கு வாரிசாக வருபவன், அவர் வைத்துவிட்டுப் போன கடனுக்கு மட்டும் நான் யாரோ என்று சொல்ல முடியாது. சொத்தின் அளவுக்காவது கடன் அவனைச் சேரும். அணியின் பழைய புகழை எந்த அளவுக்கு உரிமை கொண்டாடுகிறோமோ அந்த அளவுக்கு அதன் பழைய தீங்குக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நேற்றுத் தொடங்கியதாகத் தன்னைக் கருதும் அணி, கோப்பைகளையும் சின்னங்களையும் எண்களையும் விட்டுவிடத் தயாராக இருந்தால், கடனையும் விட்டுவிடலாம். அப்படிச் செய்யத் துணிந்த அணி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு வலுவான முதல் மறுப்பு விவிலியத்திலிருந்தே வரும். தந்தையரின் குற்றம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்கிறது யாத்திராகமம். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் பதினெட்டாம் அதிகாரமோ அந்தக் கணக்கையே மறுக்கிறது: தந்தை செய்த அக்கிரமத்தை மகன் சுமக்க வேண்டியதில்லை. அறநெறியின் வரலாற்றில் இது பெரிய முன்னேற்றம். 2007-இல் பிறந்த பையனின் தோளில் 1987-இன் பழியை ஏற்றுவது பின்னோக்கிப் போவதாகும். சரியான மறுப்புதான்; ஆனால் அது என் வாதத்தைத் தொடவில்லை. பழி வேறு, பொறுப்பு வேறு. ஜெர்மானியத் தத்துவவாதி கார்ல் யாஸ்பர்ஸ், நாஜி ஆட்சி வீழ்ந்த கையோடு ஹைடல்பெர்க் மாணவர்களுக்கு ஆற்றிய உரைகளில் இந்த இழையைத்தான் பிரித்துக் காட்டினார். சட்டக் குற்றம் செய்தவனுக்கு மட்டும். அரசியல் பொறுப்பு குற்றமே செய்யாத குடிமகனுக்கும் உண்டு, அந்த நாட்டை அவன் தன் நாடு என்று சொல்லும் வரை. பிராங்கோஸின் இன்றைய ஆட்டக்காரன் எந்த விதத்திலும் குற்றவாளி அல்ல. அவனிடம் வெட்கத்தை எதிர்பார்ப்பதே அநீதி. அவன் அணியும் சட்டையை வைத்திருக்கும் நிறுவனத்திடம் நாம் கேட்பது வெட்கத்தை அல்ல, கணக்கை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. குற்றம் ஒரு தனிமனிதனுடையது. அணியும் ஏமாற்றப்பட்ட தரப்புதானே? ஒரு பகுதி உண்மை. ஆனால் அந்த மனிதனின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஜூனியர் அமைப்பில் பதினைந்து வயதிலேயே பையனின் ஆட்ட உரிமை ஏதோ ஓர் அணியின் கைக்குப் போய்விடுகிறது. எத்தனை நிமிடம் பனித்தளத்தில் நிற்பான், எந்த வீட்டில் தங்குவான், எந்த ஊருக்கு மாற்றப்படுவான், என்.எச்.எல். தேர்வாளர்கள் காதில் அவனைப் பற்றி என்ன விழும் என்பதெல்லாம் பயிற்சியாளரும் மேலாளரும் சேர்ந்து முடிவு செய்பவை. பெற்றோர் எங்கோ தொலைவில். இந்த அதிகாரத்தை ஜேம்ஸ் கண்டுபிடிக்கவில்லை; மரபு அவரிடம் கொடுத்தது. வெற்றி வந்தபோது பெருமைப்பட்டதும் அதே மரபுதான். மேலும் பிராங்கோஸ் ஒரு செல்வந்தரின் உடைமையல்ல, ஊர் மக்களின் சமூக அமைப்பு. அங்கே ‘அணி வேறு, நாங்கள் வேறு’ என்று விலகிக்கொள்வது மற்ற ஊர்களைவிடக் கடினம்.

மூன்றாவதாக, நீதிமன்றம் தண்டித்துவிட்டது, இன்னும் ஏன் கிளற வேண்டும் என்பார்கள். இதற்குக் கனடிய அரசே விடை தந்திருக்கிறது. 2007-இல் பரோல் வாரியம் ஜேம்ஸுக்கு மன்னிப்பு வழங்கி அவர் குற்றப் பதிவை மூடி வைத்தது. 2010-இல் அது வெளியே தெரிந்து நாடே கொதித்தது, மன்னிப்புச் சட்டமும் மாற்றப்பட்டது. மக்களைக் கோபப்படுத்தியது தண்டனை போதாது என்பது மட்டுமல்ல. அடிபடாதவர்கள் மன்னித்துவிட்டார்கள், அடிபட்டவரைக் கேட்காமலே. கோப்பு முடிந்தது என்று சொல்லும் உரிமை யாருக்கு இருந்தாலும் கோப்பையைக் காட்சிக்கு வைத்திருப்பவர்களுக்கு இல்லை.

அப்படியானால் 1989-ஐ என்ன செய்வது? பட்டத்தை அழித்துவிட வேண்டும் என்போரோடு நான் உடன்படவில்லை. அதை வென்றவர்கள் பையன்கள். அவர்களில் கென்னடியும் ஒருவர். பயிற்சியாளரின் குற்றத்துக்காக அவரிடமிருந்து கோப்பையைப் பறிப்பது இரண்டாம் முறை பறிப்பதாகும். பட்டம் இருக்கட்டும், அதோடு சொல்லப்படும் கதை மாற வேண்டும். 2018 ஏப்ரலில் அதே மாகாணத்தின் ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற வேறொரு ஜூனியர் அணியின் பேருந்து விபத்துக்குள்ளாகிப் பதினாறு பேர் இறந்தபோது, 1986-இல் தப்பியவர்கள் சிலர் அங்கே போனார்கள், கென்னடி உட்பட. தங்கள் காலத்தில் எவரும் செய்யாததைச் செய்யப் போனார்கள்: துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேச. ஸ்விஃப்ட் கரன்ட் அணியிலிருந்து அவர்கள் எடுத்துச் சென்றது வெற்றியை மட்டுமல்ல, அதன் கடனையும். இன்றைய நிர்வாகமும் புதிய பையன்களை வரவேற்கும் முதல் வாரத்தில், நான்கு எண்களின் கதையோடு கென்னடியின் கதையையும் அதே குரலில் சொல்லலாம். பயிற்சியாளரைப் பற்றி முறையிட வேண்டுமென்றால் அணிக்கு வெளியே யாரை அழைப்பது என்று அப்போதே ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுக்கலாம்.