இரும்பால் செய்த தாயத்து

ஜீப்பின் முன்பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டவரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அதே ஜீப்பில் தண்ணீர்க் குழாயை வளைத்து, உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்த ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கூண்டு நின்றால், சிரித்தவரே கிட்டப் போய்த் தட்டிப் பார்த்து, "செம ஸ்ட்ராங்கா இருக்குய்யா" என்கிறார். எதை வைத்துச் சொன்னார்? தட்டியபோது வந்த சத்தத்தை வைத்து. இரண்டுமே சோதிக்காத நம்பிக்கைதான். சொல்லப்போனால் இரண்டில் எலுமிச்சம்பழம்தான் யோக்கியமானது. வண்டி கவிழும்போது அது மண்டையைப் பிளக்காது. அது கூடவே வருகிறது என்ற தைரியத்தில் யாரும் இன்னும் செங்குத்தான சரிவில் வண்டியை இறக்குவதும் இல்லை. (ஆயுத பூசைக்கு நடுரோட்டில் உடைக்கும் பூசணிக்காயை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் வழுக்கி விழுந்த பைக் ஓட்டிகளிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.)

மலைத்தடத்தில் ஜீப் கவிழ வேகம்கூடத் தேவையில்லை. ஒரு பக்கச் சக்கரம் பாறைமேல் ஏற, மறுபக்கச் சக்கரம் மழைநீர் அறுத்த பள்ளத்தில் இறங்க, மெல்லச் சாய்ந்து புரண்டுவிடும். பழைய திறந்த ஜீப்பில் கான்வாஸைத் தாங்கும் வளையங்கள் மழைக்கும் வெயிலுக்கும்தான். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை தலைகீழாக இறங்கினால் கண்ணாடிச் சட்டமும் வளையங்களும் மடங்கிப் படுத்துவிடும். அப்போதும் ஆள் உட்கார்ந்திருக்கும் இடம் நசுங்காமல் நிற்க வேண்டும். கூண்டின் வேலை அது ஒன்றே. "கவிழ்ந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது" என்று இரும்பில் எழுதிக் கொடுக்கும் வாக்கு அது. வாக்கு கொடுக்கிறவரிடம் ஆதாரம் கேட்பதுதானே பகுத்தறிவு? சாமியாரிடம் கேட்கிறோம், ஜோசியரிடம் கேட்கிறோம். பட்டறையில் மட்டும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

கேட்டுத்தான் பார்ப்போமே. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ., பந்தய வண்டிகளின் கூண்டுக்கு விதி வகுத்திருக்கிறது. குழாய் தையலில்லாத (சீம்லெஸ்), குளிர்நிலையில் இழுத்த கார்பன் ஸ்டீலாக இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளையத்துக்கு 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும், அல்லது 50-க்கு 2. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் 3 மடங்குக்குக் குறையக் கூடாது. வளைத்த இடத்தில் குழாய் நசுங்கி முட்டை வடிவமானால், குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். நம்மூர்க் குழாய்க் கடையில் கிடைப்பதோ ஐ.எஸ். 1239 தரத்தில் ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்த குழாய். தண்ணீரும் காற்றும் நீராவியும் ஓடுவதற்கான தரம் அது. அதில் கால்வனைஸ் செய்த ஜி.ஐ. குழாய் என்றால், பற்றவைக்கும்போது துத்தநாகம் புகைந்து வெல்டிங்கில் பொடித்துளைகளை விட்டுவிடும். அந்தப் புகையைச் சுவாசித்த வெல்டருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

"அப்ப சி கிளாஸ் பைப்பா போட்டுக்கலாம், நல்ல கனம்" என்பார்கள். கனம்தான். அந்தக் கனம் முழுவதும் வண்டியின் தலைக்கு மேலே போய் உட்கார்கிறது. ஈர்ப்பு மையம் ஏறுகிறது. முன்பு சாய்ந்து நின்ற சரிவில் வண்டி இப்போது புரள்கிறது. கவிழ்ந்தால் காப்பாற்ற வந்த பொருளே கவிழ்த்துவிடுகிறது. தோஷமும் அதுவே, பரிகாரமும் அதுவே. இவ்வளவு கச்சிதமான வியாபாரம் எந்த ஜோசியருக்கும் வாய்த்ததில்லை.

குழாயைவிட மோசமாக ஏமாற்றுவது கூண்டின் கால். வளையத்தின் நுனியை வண்டியின் தரைத் தகட்டில் வைத்து, சுற்றி வெல்டிங் அடித்து, பட்டி பூசித் தேய்த்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். கவிழும்போது மொத்த எடையும் அந்தச் சின்ன வட்டத்தில் இறங்கும். சாக்குப்பையில் கோணியூசி இறங்குவதுபோல் குழாய் தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். அதனால்தான் எஃப்.ஐ.ஏ. விதிகள் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மி.மீ. தடிமனும் உள்ள வலுத்தகட்டைக் கேட்கின்றன. அதன்மேல் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது மூன்று போல்ட்.

வெல்டிங் விஷயத்தில் ஒரு சின்ன சோதனை போதும். கூண்டுக்கு வாங்கிய அதே குழாயில் இரண்டு துண்டு வெட்டி, அதே கையால், அதே ராடால் பற்றவைக்கச் சொல்லுங்கள். வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடியுங்கள். குழாய் வளைந்து நசுங்கி, ஒட்டு அப்படியே நின்றால் பரவாயில்லை. ஒட்டு அடை மாதிரி பெயர்ந்து, அடியில் குழாயின் பழைய விளிம்பு உருகாமல் பளபளத்தால், அது மேல்பூச்சு. இதற்கு ஒரு மணி நேரம் ஆகாது. இதைக் கேட்டால் மேஸ்திரிக்குக் கோபம் வருகிறது. "இருபது வருஷமா அடிக்கிறேன், இதுவரைக்கும் ஒரு கூண்டும் திரும்பி வந்ததில்ல." சரி, அவற்றில் எத்தனை வண்டி கவிழ்ந்தது? கவிழாத வண்டியின் கூண்டு நல்ல கூண்டு என்றால், ஜாதகம் பார்த்துச் செய்த கல்யாணத்தில் சண்டை வராத ஜோடி ஜோசியத்துக்கு ஆதாரம். கூண்டு தோற்றுப்போன வண்டியின் சொந்தக்காரரோ புகார் சொல்ல வரும் நிலையில் இருக்கமாட்டார். பட்டறைச் சுவரில் மாட்டியிருப்பது முருகன் படமா, பெரியார் படமா என்பது இதில் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்காது. கடவுளை விட்டவர்கள் எல்லாரும் கண்மூடி நம்புவதையும் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்மூடி நம்பாமல் அளந்து பார்த்த ஒருவர் இருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஹ்யூ டிஹேவன் என்ற அமெரிக்க இளைஞர், கனடாவில் ராயல் ஃப்ளையிங் கோர் படையில் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். வானில் இன்னொரு விமானம் மோதி அவர் விமானம் விழுந்தது. கால்கள் முறிந்தன, உள்ளுறுப்புகள் கிழிந்தன, ஆள் பிழைத்தார். அதிர்ஷ்டம் என்றார்கள். நம்மூராக இருந்தால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியிருப்போம். அவரோ, தான் உட்கார்ந்திருந்த பகுதி அவ்வளவாக நொறுங்கவில்லை என்பதையும், வயிற்றுக் காயம் இடுப்பு பெல்ட்டின் கொக்கியால் வந்தது என்பதையும் கவனித்தார். பின்னாளில் வீட்டுச் சமையலறையில் முட்டைகளைப் போட்டுப் பார்த்தார்: எதன்மேல் விழுந்தால் உடைகிறது, எதன்மேல் விழுந்தால் உடையவில்லை? 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைப் பற்றி 1942-இல் கட்டுரை எழுதினார். அற்புதம் என்று எல்லாரும் கும்பிட்ட இடத்தில், உடல் எவ்வளவு தூரத்தில் நின்றது, எதில் மோதியது என்று அளந்தார். இன்றைய விபத்துப் பாதுகாப்பு ஆய்வின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

அவருடைய கொக்கிக் கதை நம் கூண்டுக்கும் பொருந்தும். சீட் பெல்ட் இல்லாத ஜீப்பில் கூண்டு மட்டும் வைத்தால், காதுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியைத் தயாராக நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பந்தயக்காரர்கள் ஹெல்மெட் போட்டு, தோளையும் இடுப்பையும் பெல்ட்டால் இறுக்கி, தலை படக்கூடிய கம்பிகளுக்கு அதற்கென்றே செய்த அடர்த்தியான மெத்தை சுற்றுகிறார்கள். நாம் ஏ.சி. குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமைச் சுற்றிவிட்டு வெறுந்தலையோடு உட்கார்கிறோம். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், இரும்பு தட்டுப்படும்.

"என் வண்டி, என் தலை, உனக்கென்ன?" என்று கேட்கலாம். சட்டம் அதில் ஏற்கனவே தலையிட்டிருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டத்தை விடுங்கள். உங்கள் தலை உங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து சீட்டில் மச்சான் உட்கார்கிறார். பின்னால் அக்கா மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சரிவைப் பார்த்து அவள் முகம் மாறும்போது நீங்கள் திரும்பி, "கூண்டு இருக்குல்ல, பயப்படாதம்மா" என்கிறீர்கள். சோதித்துப் பார்க்காத ஒன்றைக் காட்டி அடுத்தவர் பயத்தைப் போக்கிய அந்த நிமிடம் நீங்களும் விபூதி கொடுத்துவிட்டீர்கள். தட்டில் காசு விழவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் கூண்டே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. விதிகள் யாரும் படிக்கக் கிடைக்கின்றன, சீம்லெஸ் குழாய் விற்கிறது, வளைக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ரோட்டில் ஏறாத, பந்தயத்துக்கென்றே வைத்த வண்டிக்கு அளந்து, கணக்குப் போட்டு, உடைத்துப் பார்த்துச் செய்யுங்கள். அதற்கு நேரமில்லை, செலவு கட்டுப்படியாகாது என்றால், இருக்கிற கூண்டை கேஸ் கட்டரால் அறுத்து இறக்கிவிட்டுக் கான்வாஸோடு மெதுவாக ஓட்டுங்கள். அறுத்த குழாயைக் காயலான் கடையில் கிலோ விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.