மனம் திறப்பது எவரிடம்?



உடல் நோய்க்கு வைத்தியரிடம் செல்லும்போது அவரை நம்புவதற்கு நமக்கு அதிக காலம் வேண்டியதில்லை. நாடி பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், மருந்து எழுதுகிறார். சுகம் வந்தால் நம்பிக்கையும் கூடவே வருகிறது. உள்ளத்தில் வருத்தம் கொண்டு உளவளத்துணையாளரிடமோ உளநல வைத்தியரிடமோ செல்பவரின் நிலை வேறு. அங்கே நோயை எடுத்துக் காட்டவேண்டியவர் நோயாளியேதான். சொன்னால்தான் கேட்பவர் எத்தகையவர் என்பது தெரியவரும். தெரிந்தால்தான் சொல்ல மனம் வரும். இந்த முடிச்சில் அகப்பட்டு, ஒரேயொரு முறை போய்விட்டு, இனிப் போவதில்லையென்று வீட்டில் இருந்துவிட்டவர்கள் நம்மிடையே பலர்.

“ஒன்றையும் ஒளியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடு” என்றே நாம் அவர்களுக்குப் புத்தி சொல்கிறோம். பாவசங்கீர்த்தனத்திற்குப் பழகிய நமக்கு இது இயல்பாக வருகிறது. ஆயினும் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது தவறு. பாவசங்கீர்த்தன இரகசியத்திற்கு விதிவிலக்கே இல்லை. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், அதை வெளியிடும் குருவைப் பணியிலிருந்து நீக்கி, ஆயுள் முழுவதும் தவம் செய்யும்படி மடத்தில் அடைக்கவேண்டுமெனக் கட்டளையிட்டது. உளவளத்துணையாளரின் இரகசியத்திற்கோ எல்லை உண்டு. ஒருவருடைய உயிருக்கு ஆபத்து நேருமென்றோ, ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறதென்றோ அறிந்தால், அவர் அதை உரியவர்களுக்குச் சொல்ல நேரிடலாம். அந்த எல்லை எது என்பதை முதல் நாளிலேயே கேட்டறிவது உங்கள் உரிமை. கேட்டதற்காக அவர் சினந்தால், அவரைப் பற்றி நீங்கள் அறியவேண்டியதை அறிந்துவிட்டீர்கள்.

ஆகவே, முதல் நாளே நெஞ்சைக் கொட்டாதிருப்பது குற்றமா? இல்லையென்றே சொல்வேன். பொய் சொல்வது வேறு, சொல்லாதிருப்பது வேறு. “இன்னுமொரு விடயம் உண்டு, அதைச் சொல்ல இப்போது மனம் வரவில்லை” என்பது முழு உண்மை. நல்ல உதவியாளருக்கு அந்த ஒரு வாக்கியமே தொடங்கப் போதும். சிறியதொன்றைச் சொல்லிப் பாருங்கள். அதை அவர் எப்படி ஏற்கிறார், அடுத்த முறை அதை நினைவில் வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். சாகவேண்டுமென்ற எண்ணம் வருகிறதென்பதையும், உட்கொள்ளும் மருந்து, மது பற்றிய செய்தியையும் மாத்திரம் பிற்போடவேண்டாம்.

அமெரிக்க அறிஞர் கார்ல் றொஜேர்ஸ், இளமையில் நியூயோர்க்கில் இறையியல் பயின்று பின்னர் உளவியலுக்குத் திரும்பியவர். 1957இல் எழுதிய கட்டுரையொன்றில், உதவி செய்பவர் வேடமின்றி இருக்கவேண்டும், வந்தவரை நிபந்தனையின்றி ஏற்கவேண்டும், அவருடைய உள்ளத்திலிருந்தே அவருடைய உலகைப் பார்க்கவேண்டும் என்றார். இவை சிறிதளவேனும் வந்தவருக்குப் புலப்படவும் வேண்டுமாம். பாரத்தின் பெரும்பங்கை எவர் தோளில் வைக்கிறார் பாருங்கள்!

இதை எழுதும் நானும் இதில் தவறியவனே. குருமனை விறாந்தையில் ஒரு தகப்பன் தம் மகனைப் பற்றி என்னிடம் சொல்லி அழுதார். பாவசங்கீர்த்தனமல்ல, சாதாரண பேச்சு. சில மாதங்களின் பின் பிரசங்கமொன்றில், பெயரையும் ஊரையும் மாற்றி, நல்லெண்ணத்தோடு அதை உதாரணமாக்கினேன். பூசை முடிந்ததும் அவர் என்னைப் பாராமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். வேறு எவருக்கும் அது விளங்கியிராது, அவருக்கு விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனேன். போய் என் நோக்கத்தை விளக்கத் தொடங்கினேன். “சரி சுவாமி, சரி” என்று எழும்பிவிட்டார். இரண்டாம் முறை போனபோது, “நான் செய்தது பிழை” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநாட்களின் பின் ஞானஸ்நானப் பத்திரமொன்றுக்காக வந்தவர், பத்திரத்தை வாங்கிய பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார்.

உளவளத்துணையில் நேரும் இத்தகைய முறிவுகளை ஆராய்ந்த ஜெரமி சஃப்ரான் போன்றோர், முறிவைப் பேசிச் சீர்செய்துகொண்டால் உறவு முன்னையிலும் உறுதிப்படக்கூடும் என்று கண்டார்கள். ஆகையால் துணையாளரின் ஒரு சொல் உங்களைச் சுட்டால், பேசாமல் நின்றுவிடாதீர்கள். இன்னுமொரு முறை போய், “நீங்கள் சொன்னது நொந்தது” என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் பலவீனத்தைத் தம் இச்சைக்கோ பணத்துக்கோ பயன்படுத்துகிறவர் என்றால் கதை வேறு. அங்கே பொறுமை வேண்டாம். உடனே வெளியேறி உரிய இடத்தில் முறையிடுங்கள்.

கதவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அரை மணி நேரம் உள்ளே இருந்து வரும் மகளை, “என்ன கேட்டவை? எங்களைப் பற்றி என்ன சொன்னனீ?” என்று வாசற்படியிலேயே பிடித்துக்கொள்கிறோம். அன்பினால்தான் கேட்கிறோம். ஆனால் அடுத்த முறை அவள் வாய் திறக்கும்போது, நாமும் அந்த அறையில் நிற்பதாக அவளுக்குத் தோன்றும். ஏற்கனவே ஊர் சிறியது; துணையாளர் பெரியம்மா வீட்டுக்கு அயலவராகவும் இருக்கக்கூடும். அந்தப் பயமே அவளுக்குப் போதும். பஸ் வரும்வரை ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள். அடுத்த முறை எந்தத் திகதியில் வரவேண்டுமென்று கேட்டுக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.