ஆண்டவர் சித்தம் என்று யார் சொல்லலாம்?

நோயாளியின் கட்டிலருகே, சாவு வீட்டில், வேலை பறிபோனவர் முன்னால் கிறிஸ்தவர்கள் சட்டென்று சொல்லிவிடுவது, "எல்லாம் ஆண்டவர் சித்தம்." துன்பப்படுகிறவரே அப்படிச் சொன்னால் அது விசுவாசம். வலியில்லாத இன்னொருவர் அவரிடம் சொன்னால் அது என்ன?

கொடைக்கானல் மலைவாசஸ்தலத்தின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. 1834-ல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகளைக் காலராவும் காய்ச்சலும் விடவில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். கடவுள் விட்ட வழி என்று எஞ்சியவர்கள் சமவெளியிலேயே கிடக்கவில்லை. 1845-ல் பழனி மலையின் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டு மேலே போனார்கள். ஜெபமும் செய்தார்கள், பிழைக்க வழியும் தேடினார்கள். அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், சாலை வருவதற்கு முன் வெள்ளைக்காரர்களை டோலியில் வைத்து மலையேற்றியவர்கள் கூலியாட்கள். அவர்களுடைய தோள்வலியும் கணக்கில் வர வேண்டும்.

1960-ல் கொடைக்கானலில் காலமான ஐடா ஸ்கடர், இளம்வயதில் அமெரிக்காவில் வசதியாக வாழ விரும்பியவர். தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்தார்கள். மருத்துவரான தந்தையை அழைத்துப் போகச் சொன்னார் ஐடா. ஆண் வைத்தியர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்தச் சாவுகளைக் கடவுளின் திட்டம் என்று சொல்லி ஆறுதல் அடைய ஐடாவால் முடியவில்லை. 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1902-ல் வேலூரில் மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. 

கொடைக்கானலிலேயே 2001-ல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கிடங்கில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி குவிந்து கிடந்தது தெரியவந்தது. மக்கள் போராடினார்கள், ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது. உடல்நலக் கேட்டுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள் தொழிலாளர்கள், நிறுவனம் மறுத்தது. 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர்களிடம் போய்ப் பொறுமையை மட்டும் உபதேசிப்பது, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவிடாமல் வாயடைப்பதாகும்.

வேதாகமமும் அந்த உபதேசத்துக்குத் துணை நிற்கவில்லை. யோபுவின் துன்பத்துக்கு விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் கடவுள் கோபம்கொண்டார். முறையிட்ட யோபுவின்மேல் அல்ல. இறந்த லாசருவை எழுப்புவதற்கு முன் இயேசு அழுதார். கெத்செமனேயில் துன்பப் பாத்திரம் நீங்கும்படி வேண்டிக்கொண்டார். அதன் பிறகே பிதாவின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். அந்த ஒப்புக்கொடுத்தலை வேறு யாரும் அவர்மேல் சுமத்தவில்லை.

ஆகவே சபையாரும் போதகர்களும் ஒன்று செய்யலாம். துன்பத்தில் இருப்பவரிடம் கடவுளின் சித்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், மருத்துவரைப் பார்த்தாரா, மருந்துக்குப் பணம் இருக்கிறதா, வழக்காட ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். விசுவாசத்தைப் பற்றி அவரே பேசத் தொடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.