கடலில் மறைந்தவனின் கடன்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோவளம் கரையில் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் தர்கா அமைந்துள்ளது. அன்னாரின் திருவுடல் பேழையில் மிதந்து இக்கரை சேர்ந்தது என்பது வழிவழி வந்த செய்தி. அங்கிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாகச் செல்லும்போதெல்லாம், எக்கரையும் சேராத உடல்களை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் இக்கடலில் வந்து சென்னையைத் தாக்கியது. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலொன்றும் குண்டுக்கு இலக்காயிற்று. அதில் உயிர்களும் மாண்டன.

அப்போரில் இறந்தோரின் குடும்பங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு ஐந்து அங்குல அளவில் வெண்கல வட்டத் தகடு வழங்கிற்று. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள் வார்க்கப்பட்டன. அதில் பெயர் உண்டு, பதவி இல்லை. தளபதிக்கும் மாலுமிக்கும் ஒரே தகடு! மரணத்தின் முன் மாந்தர் சமம் என்பதை வெண்கலம் ஒப்புக்கொண்டது.

கல் ஒப்புக்கொண்டதா? 1928இல் லண்டன் டவர் ஹில்லில் வணிகக் கப்பலோருக்குத் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் ஏறத்தாழ 12,000 பெயர்களைத் தாங்கியுள்ளது. கடலே கல்லறையான இந்தியக் கடலோடிகள் 2,000க்கும் மேற்பட்டோருக்கோ பம்பாயில் தனி நினைவகம்.

அவர்களை லஸ்கர்கள் என்றனர். 'லஷ்கர்' என்னும் பாரசீகச் சொல்லுக்குப் படை என்பது பொருள். ஆயினும் அவர்கள் படைவீரர் அல்லர், கூலிக்கு உழைத்தவர்கள். பிறர் போரில், பிழைப்புக்காகச் சென்று மாண்டவனுக்குப் பதக்கம் தகுமா?

தகும் என்பதே நம் துணிபு. செயல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படுகின்றன. மனைவி மக்களின் பசி தீர்க்கப் புறப்பட்டவனின் நிய்யத் தாழ்ந்ததன்று. நீரில் மூழ்கி இறந்தவரையும் ஷஹீத்களுள் சேர்த்துரைத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அங்கே பதவியும் கேட்கப்படவில்லை, நாடும் கேட்கப்படவில்லை.

ஆனால் பதக்கம் கடனை ஒப்புக்கொள்ளும் சீட்டேயன்றிக் கடனைத் தீர்க்கும் பணமன்று. உரிய கூலியும், விதவையின் வாழ்வும், அநாதையின் கல்வியுமே அக்கடன். 2024 மார்ச்சில் ஏடன் வளைகுடாவில் தாக்கப்பட்ட வணிகக் கப்பலிலும் மூன்று மாலுமிகள் மாண்டனர், அப்போரும் அவர்களுடையதன்று.

அன்பர்களே! எந்த வீட்டுப் பழம்பெட்டியிலேனும் அத்தகைய தகடு இருக்குமாயின், அதைப் பெருமைக்குரிய பொருளென்று மட்டும் கருதற்க. அஃது ஓர் அமானத். கப்பலுக்குச் சென்றவரின் குடும்பம் நம் தெருவில் இருந்தால், அவ்வமானத்தின் பொறுப்பு நம்மையும் சாரும்.